முதல் பிக் கையில் விழுந்தால்: மாட்டுத் தரகர் பேரன் சொல்லும் கணக்கு

சித்திரை மாதத்தில் எனக்கு இரண்டு சந்தை. ஒன்று, காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை. இன்னொன்று, அமெரிக்காவில் ஏப்ரல் கடைசியில் நடக்கும் என்.எஃப்.எல். டிராஃப்ட், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கிற நிகழ்ச்சி. அங்கே வியாழக்கிழமை இரவு எட்டு மணி என்றால் திருப்பூரில் வெள்ளி காலை ஐந்தரை. பால்காரர் மணி அடிக்கிற நேரத்தில் நான் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த ஆட்டம் எனக்கு ஒட்டிக்கொண்டது பனியன் வழியாகத்தான். நான் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரு வருடம் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஆரஞ்சு நிறத்தில் டீ ஷர்ட் ஆர்டர் வந்தது. ஷேடு சேரவில்லை என்று லேப் டிப்பை, அதாவது சாயம் பார்க்கும் மாதிரித் துணியை, மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அப்படி என்னடா பெரிய ஆரஞ்சு என்று பார்க்கப் போனவன்தான், இன்னும் திரும்பி வரவில்லை.

இப்போது ஆபீசில் நாங்கள் நாலு பேர். ஏப்ரலில், போன சீசனில் கடைசியாக வந்த நாலு அணிகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுப்போம். அந்த அணியின் மேலாளர் நாம்தான் என்று வைத்துக்கொண்டு, என்ன செய்வோம் என்று டிராஃப்டுக்கு முன்பே எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மூன்று வருடம் கழித்துத்தான் பிரிப்போம். தோற்றவர் செலவில் பள்ளிபாளையம் சிக்கன். இந்த வருடம் சாம்பிளிங் பிரிவிலிருந்து இரண்டு பையன்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்ணா, ஒன்னாம் நம்பர் வந்துச்சுன்னா யாரைங்ணா எடுக்கறது?"

யாரை எடுப்பது என்பது மூன்றாவது கேள்வி. கையில் இருப்பது என்ன, அதை விற்கலாமா என்ற முதல் இரண்டையும் தாண்டிக் குதித்ததால்தான் பெரிய பெரிய அணிகளே கவிழ்ந்தன. பையன்களுக்காக எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது.

கையில் இருப்பது என்ன

ஐபிஎல் ஏலத்தில் பணம் இருப்பவர் கை தூக்கலாம். இங்கே அப்படி இல்லை. 32 அணிகள், ஏழு சுற்று. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. கல்லூரியில் ஆடி முடித்த பையன்களில் ஒருவரை அது எடுத்த பிறகுதான் அடுத்த அணி. அந்த முறையைத்தான் பிக் என்கிறோம். அந்த முறையை இன்னொரு அணிக்கு விற்கலாம், மாற்றலாம், அடுத்த வருடத்து முறையையும் சேர்த்துப் பேரம் பேசலாம். ஆக உங்கள் கையில் இருப்பது ஆட்டக்காரர் இல்லை, சந்தைக்குள் முதலில் நுழைகிற உரிமை.

அந்த உரிமையோடு ஒரு சம்பளச் சலுகையும் வருகிறது. 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு, ஆடினாலும் ஆடாவிட்டாலும் கிடைக்கும் தொகையே 5 கோடி டாலர். அடுத்த வருடம் லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் புது ஒப்பந்தம் வந்து, புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டினார்கள். 2011-இல் அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கும் சேர்த்தே சுமார் 2.2 கோடிதான். 2024-இல் முதலிடத்தில் வந்த காலெப் வில்லியம்ஸுக்கு நாலு வருடத்துக்கு 4 கோடிக்குச் சற்றுக் கீழே. அதே 2024-இல் டல்லஸின் டாக் பிரெஸ்காட் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வருடத்துக்கே 6 கோடி. இரண்டு பேரும் குவாட்டர்பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை ஓட்டுகிறவர்கள். இந்த வித்தியாசம்தான் பிக்கின் லாபம். மிச்சமாகும் பணத்தில் இன்னும் நாலு நல்ல ஆட்களை வாங்கலாம். முதல் சுற்றில் எடுத்தவரை மட்டும் ஐந்தாவது வருடத்துக்கும் அணி விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது கேள்வி: விற்கலாமா?

என் அப்பாரு மாட்டுத் தரகர். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார், பக்கத்தில் நிற்பவருக்கு மூச்சு தெரியாது. மற்றவர் மாடு என்றால் அப்படியொரு கணக்கு. தனக்கு என்று வந்தபோது ஒரு வருடம் கண்ணபுரத்தில் சறுக்கிவிட்டார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். அப்படி நிறம் மாறி முடித்த ஒரு காளைக்கன்றைப் பார்த்தார். திமிலும் நடையும் அவரைக் கட்டிப்போட்டுவிட்டன. வீட்டில் உழவுக்கு நின்ற ஜோடி எருதைக் கொடுத்து, மேலே பணமும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆத்தா வாசலில் நின்று கேட்டது ஒன்றே ஒன்று: "ஒத்தை மாட்ட வெச்சுட்டு என்னத்தைங்க உழுவீங்க?"

கன்று நல்ல கன்றுதான். வளர்ந்து ஊரே பார்க்கும் காளையானது. ஆனால் அந்த ஆடியில் எங்கள் காடு தரிசு.

1999-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா செய்ததும் அதே காரியம். ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர் மேல் ஆசைப்பட்டு, ஐந்தாவது இடத்துக்கு ஏறுவதற்காக அந்த வருடத்துத் தன் பிக் அத்தனையும், அடுத்த வருடத்து முதல் சுற்று, மூன்றாம் சுற்று பிக்குகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தார். ஒரு பத்திரிகை அட்டையில் ரிக்கிக்கு மணப்பெண் உடை மாட்டி, டிட்காவை மாப்பிள்ளையாகப் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டார்கள். அந்த சீசனில் செயின்ட்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி. டிட்காவுக்கு வேலை போனது. ரிக்கி மோசமான ஆட்டக்காரர் இல்லை, எங்கள் காளை மாதிரிதான்.

ஆகவே, முதல் பிக் விழுந்தால் முதல் வேலை: சந்தையில் யார் காதலில் விழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் விலை கேளுங்கள்.

விலைக்கு ஒரு பட்டியலே உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் கையில் இருந்தது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, பத்தாவதுக்கு 1300, பதினாறாவதுக்கு 1000. அதைப் போட்டுக் கொடுத்தவர் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய், பெட்ரோலியப் பொறியாளர். அதற்கு முன் நடந்த மாற்றங்களில் யார் என்ன கொடுத்தார்கள் என்று பார்த்துத்தான் அவர் அந்த எண்களைப் போட்டார். இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அது சந்தையில் போன விலை. மாடு எவ்வளவு உழுதது என்ற கணக்கு அதில் கிடையாது.

உழவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் கேட் மாஸ்ஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள். தேலருக்குப் பின்னால் 2017-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடியது நூற்றுக்கு 52 தடவைதான் என்று கண்டார்கள். பூவா தலையாவுக்குப் பக்கம். அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு அணிகள் கொட்டிக் கொடுக்கும் விலை ரொம்ப அதிகம் என்றும், அடுத்த வருடத்து பிக்கை மலிவாக நினைத்து அள்ளி வீசுகிறார்கள் என்றும் எழுதினார்கள். அவர்கள் ஆய்வு செய்தது சம்பள வரம்புக்கு முந்தைய காலம். இப்போது மேல் வரிசை பிக் அவ்வளவு நட்டமில்லை. ஆனால் அவசரக்காரன் கொடுக்கும் விலை இன்றைக்கும் குறையவில்லை.

நல்ல விற்பனை எப்படி இருக்கும் என்பதற்கு 2018. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கையில் மூன்றாவது பிக். குவாட்டர்பேக் தேடி அலைந்த நியூயார்க் ஜெட்ஸிடம் அதைக் கொடுத்துவிட்டு ஆறாவது இடத்துக்கு இறங்கினார்கள். இறங்கிய கூலி மூன்று இரண்டாம் சுற்று பிக், அதில் ஒன்று அடுத்த வருடத்துடையது. ஆறாவது இடத்தில் குவென்டன் நெல்சன், 37-ஆவது இடத்தில் பிரேடன் ஸ்மித். இருவரும் குவாட்டர்பேக் முன்னால் அரணாக நிற்பவர்கள், பல வருடம் நின்றார்கள். மூன்று படி இறங்கியதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2023-இல் சிகாகோ பேர்ஸ் அடித்தது ஜாக்பாட். முதல் பிக்கைக் கரோலினா பாந்தர்ஸுக்கு விற்றார்கள். பதிலுக்கு ஒன்பதாவது பிக், 61-ஆவது பிக், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, கூடவே டி.ஜே. மூர் என்ற தேறிய ஆட்டக்காரர். பாந்தர்ஸ் அந்த வருடம் 2 வெற்றி, 15 தோல்வி என்று கடைசியில் போய் விழ, 2024-இல் பேர்ஸ் கைக்கு வந்தது மறுபடி முதல் பிக். விற்ற மாடு வீடு திரும்பிய மாதிரி. இதைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது. ஆனால் விற்கும்போது அடுத்த வருடத்து முதல் சுற்று பிக்கைக் கேட்டு வாங்கினால், உங்களிடம் வாங்கியவர் தோற்கத் தோற்க உங்கள் சரக்கு விலை ஏறும்.

எப்போது விற்கக் கூடாது

இவ்வளவு சொன்னதால் எப்போதும் விற்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2012-இல் ராபர்ட் கிரிஃபின் என்ற குவாட்டர்பேக்கை எடுக்க ஆசைப்பட்ட வாஷிங்டன், ராம்ஸ் அணியிடமிருந்து இரண்டாவது பிக்கை வாங்கியது. கொடுத்த விலை மூன்று முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று. கிரிஃபினுக்கு முதல் வருடம் பிரமாதம், முழங்கால் போனபின் பழைய ஆட்டம் திரும்பவில்லை. 2014 டிசம்பரில் இரண்டு அணிகளும் மோதியபோது, அந்த மாற்றத்தால் கிடைத்தவர்களில் ஆறு பேரை டாஸ் போட கேப்டன்களாக அனுப்பி வைத்தார் ராம்ஸ் பயிற்சியாளர். குசும்பு! ஆட்டமும் 24-0.

சிரிப்பு அங்கேயே முடிந்தது. 2012 முதல் 2015 வரை ராம்ஸுக்கு ஒரு சீசனில்கூட வெற்றி பாதிக்கு மேல் போகவில்லை. ஆறு கேப்டன் இருந்தும் குவாட்டர்பேக் இல்லை. கடைசியில் 2016-இல் அதே ராம்ஸ் 15-ஆவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறி குவாட்டர்பேக் ஜாரெட் காஃபை எடுத்து, 2018 சீசனில் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் வரை போனது.

அதனால் என் விதி இது. குவாட்டர்பேக் இருந்தால் விற்கப் பாருங்கள். இல்லையென்றால், எடுக்கத் தகுந்த ஒருவர் கண்ணில் படுகிறாரா என்று பாருங்கள். படாவிட்டால் அப்போதும் விற்றுவிடுங்கள். இல்லாத குறைக்காக ஒருவரைப் பிடித்துப்போடுவதுதான் படுகுழி.

ஏறிப் போவதிலும் தராதரம் உண்டு. 2017-இல் பேர்ஸ் மூன்றாவது இடத்திலிருந்து ஒரே ஒரு படி ஏற மூன்று பிக் கூடுதலாகக் கொடுத்து, கடைசியில் நிலைக்காத குவாட்டர்பேக் மிட்செல் ட்ரூபிஸ்கியை எடுத்தது. அதே நாளில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27-இலிருந்து பத்துக்கு ஏறியது. எடுத்தது, பின்னால் சூப்பர் பௌல்களை ஜெயித்துக் கொடுத்த குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை. பத்தாவது இடம் வரை அவர் கிடந்தார் என்பதை நினைத்தால், முதல் மூன்றில் நிற்பவர்களின் கண் அப்படி ஒன்றும் பெரிய கண் இல்லை என்று தெரியும்.

பல் பார்ப்பதும் ஏரில் பூட்டுவதும்

டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்று ஒரு தேர்வு நடக்கும். 40 கெஜ ஓட்டம், தாவுதல், 102 கிலோ எடையை எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்பது, மருத்துவப் பரிசோதனை. சந்தையில் பல் பார்த்து, சுழி பார்த்து, வாலைத் தூக்கிப் பார்ப்பதுதான் அது. பார்க்க வேண்டியதுதான். 2017-இல் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி ஒன்பதாவது பிக்கை அவருக்குக் கொடுத்தது. காயம் காயமாக வந்தது, ஓட்டம் பந்து பிடிப்பதில் தெரியவே இல்லை.

கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் சலங்கை கட்டி நிறுத்திய மாட்டை அப்பாரு திரும்பிப் பார்க்க மாட்டார். "வண்டியில பூட்டு, மேட்டுல ஏத்து, அப்புறம் பேசலாம்" என்பார். இங்கே வண்டி என்பது கல்லூரி ஆட்டங்களின் வீடியோ. ஜெயித்த ஆட்டத்தை விடுங்கள், தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் 20 புள்ளி பின்தங்கி இருக்கும்போது என்ன செய்கிறார்? 2007-இல் ஓக்லேண்ட் ரெய்டர்ஸ் முதலாவதாக எடுத்த குவாட்டர்பேக் ஜமார்கஸ் ரசலின் கை பீரங்கி. சம்பளப் பேச்சு முடியாமல் சீசன் தொடங்கும்வரை பயிற்சிக்கே வரவில்லை, மூன்று சீசனில் அணியை விட்டே போனார். 1998-இல் முதல் இடத்துக்கு பேட்டன் மானிங்கா ரயன் லீஃபா என்று அமெரிக்காவே விவாதித்தது. இரண்டாவதாகப் போன லீஃபும் அப்படித்தான் கரைந்தார்.

எந்த இடத்துக்கு ஆள்

வெளிச்சந்தையில் எந்த இடத்து ஆள் விலை அதிகமோ, அந்த இடத்துக்கே பிக்கைச் செலவழியுங்கள்: குவாட்டர்பேக், அவரைக் காக்கும் டேக்கிள், எதிரி குவாட்டர்பேக்கை விரட்டும் எட்ஜ் ரஷர், பந்து பிடிக்கும் ரிசீவர், அவரை மறிக்கும் கார்னர்பேக். பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்குக்கு முதல் ஐந்து பிக் வேண்டாம். 2018-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவதாக சாக்வான் பார்க்லியை எடுத்தது. ஓட்டத்தில் குறையே சொல்ல முடியாது, அணி தேறவில்லை. அவரே 2024-இல் நல்ல அரண் இருந்த ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2005 கெஜம் ஓடி, சூப்பர் பௌலும் வாங்கினார். எல்லாம் இருக்கிற வீட்டுக்கு அவர் கடைசிப் பொருள். இல்லாத வீட்டுக்கு முதல் பொருளாகாது.

கட்டுத்தரையைப் பார்த்துக் கொள்ளுங்கள்

இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 2002-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் புது அணி. முதல் பிக்காக குவாட்டர்பேக் டேவிட் காரை எடுத்தார்கள். முன்னால் நிறுத்த ஒழுங்கான அரண் இல்லை. அந்த ஒரு சீசனில் அவரை 76 முறை கீழே தள்ளினார்கள். இன்றுவரை அதுதான் சாதனை. எந்தக் கன்றும் அதற்கப்புறம் மிரளத்தான் செய்யும்.

கோல்ட்ஸிடம் வாங்கிய அந்த மூன்றாவது பிக்கில் ஜெட்ஸ் எடுத்தது சாம் டார்னால்டை. மூன்றே வருடத்தில் உதவாது என்று கைமாற்றிவிட்டார்கள். 2024-இல் மின்னசோட்டாவில் நல்ல பயிற்சியாளரும் நல்ல ரிசீவர்களும் கிடைத்ததும் அதே ஆள் 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். மஹோம்ஸை முதல் வருடம் முழுக்க மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் பின்னால் உட்கார வைத்தார்கள், ஒரே ஒரு ஆட்டத்தில்தான் இறக்கினார்கள். கொழுக்கட்டைப் புல் முளைத்த கொரங்காட்டில் மேய்ந்த மாட்டுக்கும், வீட்டு முன்னால் கட்டிப்போட்ட மாட்டுக்கும் எலும்பே வேறு என்பார் அப்பாரு.

ஆகவே கவரில் எழுதும்போது ஆட்டக்காரர் பெயரோடு நிறுத்தாதீர்கள். அவர் முன்னால் யார் நிற்பார்கள், யார் பழக்குவார், எந்த வாரத்தில் இறக்குவீர்கள் என்பதையும் எழுதுங்கள். போன தடவை நான் பெயரை மட்டும் எழுதி, சிக்கன் வாங்கிக் கொடுத்தேன்.

மிச்சம் இரண்டு சங்கதி. தப்பாக எடுத்துவிட்டால் கௌரவம் பார்க்க வேண்டாம். அரிசோனா 2018-இல் பத்தாவது பிக்கில் ஜாஷ் ரோசன் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அடுத்த வருடம் முதல் பிக் கிடைத்ததும் கைலர் மர்ரேயை எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்கு அனுப்பியது. பேச்சு வாங்கினார்கள், ஆனாலும் சரியான முடிவுதான். அப்புறம், கடிகாரத்துக்குப் பயந்து பதற வேண்டாம். 2003-இல் மின்னசோட்டா வைகிங்ஸ் பேரம் பேசிக்கொண்டே இருந்து நேரம் தீர்ந்துபோய், ஏழாவது பிக்கைக் கோட்டைவிட்டது. இரண்டு அணிகள் முந்திக்கொண்டன. ஒன்பதாவதாக அவர்கள் எடுத்த கெவின் வில்லியம்ஸ் பல வருடம் முன்னணி ஆட்டக்காரராக இருந்தார். ஏழுக்கும் ஒன்பதுக்கும் அவ்வளவுதான் தூரம்.

இந்த வருடச் சீட்டில் முதல் பிக் எனக்கே விழுந்திருக்கிறது. விற்பதாகத்தான் இருக்கிறேன். சாம்பிளிங் பையன்களில் ஒருவன் ஒரு குவாட்டர்பேக்கின் படத்தைப் போனில் வால்பேப்பராகவே வைத்திருக்கிறான், நேற்று கவனித்தேன். தம்பி, இதைப் படித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வா. வரும்போது ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு வா.